ஒரு கண்ணுக்குப் பின்னால் மட்டும் வலி

அன்பு செந்திலுக்கு, அம்மா எழுதுவது.

வலது கண்ணுக்குப் பின்னால் மூன்று வாரமாகக் குடைகிறது, சைனஸாகத்தான் இருக்கும் என்று போனில் சொன்னாய். நீயே அப்படி முடிவு கட்டாதே. மூக்கிலிருந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி இறங்கி, காய்ச்சலும் அடித்து, வாசனையும் தெரியாமல் போனால் சைனஸைச் சந்தேகிக்கலாம். இவை எதுவும் இல்லாமல் சைனஸ் என்று பலர் சொல்லிக்கொள்வது உண்மையில் மைக்ரேன். மைக்ரேனிலும் மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும். அதனால்தான் இந்தக் குழப்பம்.

வலியின் கடுமையைவிட, அது எவ்வளவு நேரம் நிற்கிறது, கூடவே என்ன வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மருந்து போடாத மைக்ரேன் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். குமட்டும், வெளிச்சம் ஆகாது, இருட்டில் அசையாமல் படுத்திருக்கத் தோன்றும்.

கிளஸ்டர் தலைவலி இதற்கு நேர்மாறு. 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அதுவரை படுக்கவே முடியாது, எழுந்து நடக்க வைக்கும். வலிக்கிற பக்கத்துக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும், அதே பக்க மூக்கடைக்கும், இமை சற்றுத் தொங்கும். பலருக்குத் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில், தினமும் ஏறக்குறைய அதே வேளையில் வரும். சில வாரங்கள் இப்படிப் படுத்திவிட்டு, மாதக்கணக்கில் காணாமல் போகும். ராத்திரி ஒரு மணிக்கு வலி எழுப்பிவிடுகிறது என்றாயே, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். பாராசிட்டமால் இதற்குப் போதாது. மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் வலி உச்சத்துக்குப் போய்விடும். மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவில் சுத்த ஆக்ஸிஜனை 15 நிமிடம் கொடுத்தால் பலருக்கு அடங்கும். சுமாட்ரிப்டான் ஊசியும் உண்டு. இரண்டையும் நரம்பியல் மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். முதல் தடவை என்றால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார். இந்த வாரங்களில் மது கொஞ்சம் போனாலும் வலியைக் கிளப்பிவிடும்.

இன்றைக்கே ஒன்று செய்து பார். சிவப்பு நிறப் பொருள் ஒன்றை, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார். பிறகு மாற்றிப் பார். வலது கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ, விழியை உருட்டும்போது வலி கூடினாலோ, பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். 20 முதல் 40 வயதுக்குள்தான் இது அதிகம் வரும். பார்வை சில நாட்களில் மங்கிக்கொண்டே போகும், அதனால் தள்ளிப்போடக் கூடாது. சிலருக்கு, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயின் முதல் அடையாளமே இதுதான்.

கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். இயல்பாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் (mmHg) வரை இருக்கிற அழுத்தம் 40-க்கு மேல் போய்விடும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சில மணி நேரத்திலேயே பார்வை நரம்பு கெடத் தொடங்கும்.

இமை மூடிக்கொண்டாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதானாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போ. மூளையின் ரத்தக்குழாய் புடைத்து நரம்பை அழுத்துவதன் அடையாளமாக அது இருக்கலாம். நெற்றியில் எரிச்சலோடு கொப்புளம் எழும்பினால் அக்கி; 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து எதையும் விட்டுக்கொள்ளாதே. அது கண் அழுத்தத்தை ஏற்றும், தொற்று இருந்தால் முற்றவைக்கும். வலி மாத்திரையும் மாதத்தில் 15 நாள் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

வலி தொடங்கிய நேரம், நின்ற நேரம், நீர் வந்ததா, எழுந்து நடந்தாயா என்று தினமும் குறித்து வை. வலி இருக்கும்போதே கண்ணைப் போனில் படம் எடு. மருத்துவரிடம் போகும்போது கண் தெளிவாக இருக்கும், அப்போது இந்தப் படம்தான் பேசும். முதலில் கண் மருத்துவரைப் பார்த்து அழுத்தமும் விழித்திரையும் பரிசோதித்துக்கொள், அடுத்து நரம்பியல் மருத்துவரிடம் போ. கண் மருத்துவர் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும்; வண்டி ஓட்டாமல் ஆட்டோவில் போய் வா. அழுத்தம் எவ்வளவு என்று சொன்னார்களோ, அந்த எண்ணை எனக்கு அனுப்பு.

அம்மா