மீன்பிடி மிதவை வாங்குமுன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூண்டில் போடுவதில் ஆர்வமுள்ள இளைஞர்கள் இணையக் கடைகளில் காற்றடைக்கும் மிதவைகளையும் சிறு படகுகளையும் வாங்கத் தொடங்கியிருப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விலை, எடை, மடித்து எடுத்துச் செல்லும் வசதி ஆகியவற்றை விரிவாக எழுதிய கட்டுரையாளர், எதை எந்தத் தண்ணீரில் இறக்கலாம் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார். காவிரிப் படுகையில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த ஒரு வரிதான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஃப்ளோட் டியூப் என்பது ஒருவர் மட்டும் அமரும் காற்றடைத்த இருக்கை. லாட வடிவில் வளைந்த குழாயின் நடுவே உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, பாதங்களில் மாட்டிய ரப்பர் துடுப்புகளால் உதைத்துப் பின்புறமாக நகர வேண்டும். இரு கைகளும் தூண்டிலுக்கே கிடைக்கும், சத்தம் எழாது, காற்றை இறக்கினால் தோளில் மாட்டிக்கொண்டு நகரப் பேருந்திலேயே போய்விடலாம். இந்தச் சிறப்புகள் உண்மையானவை. நம் ஏரிகளில் வலை விரிப்பவர்கள் லாரி டியூபின் மேல் பலகையைக் கட்டியும், தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் தைத்தும் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலையைத்தான் இது இன்னும் வசதியாகச் செய்கிறது. லாரி டியூபைவிட ஒரு வகையில் மேலானதும்கூட, ஏனெனில் லாரி டியூபில் இருப்பது ஒரே காற்றறை. ஓர் ஆணி குத்தினால் மொத்தமும் போய்விடும்.

ஆனால் இந்த மிதவை பெரிதும் புழக்கத்தில் இருப்பது மேலை நாடுகளின் குளிர்ந்த, தெளிந்த, ஓட்டமில்லாத ஏரிகளில். அங்கே மீன்பிடிப்பவர் இடுப்புக்கு மேல் வரை நீர்புகாத உடையணிந்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உதைக்கிறார். நம் ஊரில் பாதத்துக்குக் கீழே இருப்பதை நாம் பார்ப்பதில்லை. ஆகாயத் தாமரையின் வேர்க்கற்றையும் வேலம்பாசியும் அல்லிக்கொடியும் மண்டிய நீர்நிலையில் ரப்பர் துடுப்பு மாட்டிய கால் நாலு உதையிலேயே சிக்கிக்கொள்ளும். குனிந்து விடுவிக்க முயன்றால் இருக்கையின் சமநிலை போகும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே எவ்வளவு ஆழம் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. வயல் வடிகால் கலக்கும் குட்டைகளில் மணிக்கணக்காகக் காலை ஊறப்போடுவது எலிக்காய்ச்சலுக்கு வழிவிடும் என்பதை, காலில் சேற்றுப்புண்ணோ வெட்டுக்காயமோ உள்ளவர்கள் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று கீழணைப் பக்கத்தில் இருக்கிறது. அணைக்கரையைச் சுற்றிய கொள்ளிடத்திலும், அங்கிருந்து சிதம்பரம் வரையுள்ள பழைய கொள்ளிடம், வாய்க்கால், குளங்களிலும் முதலைகள் வாழ்கின்றன. இது வதந்தியன்று, அப்பகுதி மக்கள் அன்றாடம் அறிந்த செய்தி. கால்கள் இரண்டையும் முழங்கால் வரை நீரில் ஆட்டிக்கொண்டு மிதக்கும் கருவியை அந்த நீரில் இறக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. அங்கே காற்றடைத்த படகையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கரையிலிருந்து, அதுவும் நீர் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி நின்று தூண்டில் போடுவதே சரி.

அடுத்தது ஓட்டம். மேட்டூரிலிருந்து பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். இருப்பைப் பொறுத்து அது முன்பின்னாகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு போன்ற கிளைகளில் எந்த நாளில் எவ்வளவு ஓடும் என்பதை முறைப்பாசனமும் மழையும் முடிவு செய்கின்றன. நேற்று முழங்காலளவு நின்ற வாய்க்காலில் இன்று கழுத்தளவு போகும். ஃப்ளோட் டியூபில் ஒருவர் உதைத்துப் பெறும் வேகம் சாதாரண நடையில் பாதிகூட வராது. அதற்குமேல் ஓடும் நீரில் அவர் படகோட்டியல்லர், மிதந்து செல்லும் பொருள். பின்புறமாக நகர்பவர் என்பதால் எங்கே போகிறோம் என்பதும் அவர் கண்ணில் படாது.

மதகுகளின் அடியிலும் தடுப்பணைகளின் கீழும் மீன் கூடும் என்பதால் தூண்டில்காரர்களுக்கு அந்த இடங்களின் மேல் தனி ஆசை உண்டு. அங்கே விழும் நீர் அடியில் சுருண்டு, மேற்பரப்பில் மீண்டும் சுவரை நோக்கியே திரும்பி ஓடுகிறது. மிதக்கும் எதுவும் அச்சுழலில் அகப்பட்டால் வெளியேறுவது அரிது; மிதப்புத்திறன் அதிகமுள்ள காற்றுப்பை இன்னும் உறுதியாக அங்கேயே நின்று உருளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நாம் பார்த்தோம். வெள்ளமில்லாத நாளிலும் மதகின் வாயருகே நீருக்குள்ள இழுப்பைக் கைத்துடுப்பால் எதிர்க்க முடியாது. ஓடும் நீரில் நங்கூரம் போட்டு நிற்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கயிறு இறுகினால் சிறு காற்றுப்படகின் ஒரு பக்கம் அமுங்கி நீர் ஏறும். ஆகவே ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும் காலத்தில் ஃப்ளோட் டியூபும் வேண்டாம், சிறு படகும் வேண்டாம்.

அப்படியானால் ஃப்ளோட் டியூபுக்கு இங்கே இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் குறுகிய இடம். சொந்தப் பண்ணைக் குட்டை, கொடி மண்டாத ஊர்க்குளம், அடி தெரிந்த செங்கல் சூளைப் பள்ளம் போன்ற மூடிய நீர்நிலைகளில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் விராலுக்கும் அது அருமையான கருவி. ஊர்க்குளமும் ஏரியும் பெரும்பாலும் மீன்பிடிக் குத்தகையில் இருப்பவை என்பதால் குத்தகைதாரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோயில் குளங்களும், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற பறவைகள் சரணாலய ஏரிகளும் தூண்டிலுக்கான இடங்களே அல்ல.

ஓட்டமில்லாத பெரிய ஏரிக்கும், கோடையில் ஆறு வற்றியபின் தேங்கி நிற்கும், முதலை நடமாட்டமில்லாத மடுக்களுக்கும் சிறு காற்றுப்படகே ஏற்றது. கால்கள் உள்ளே இருக்கும். கொடியின் மேல் வழுக்கிப் போகும். தாகத்துக்குத் தண்ணீரும் மீன் பெட்டியும் வைக்க இடமிருக்கும். ஆனால் துடுப்பு பிடித்தால் தூண்டில் பிடிக்க முடியாது, காற்றும் படகைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஆடிக்காற்றில் அகன்ற ஏரியில் எடையில்லாத படகு எதிர்க்கரைக்கே போய்விடும். ஆகவே காற்று போய்ச்சேரும் பக்கத்துக் கரையிலிருந்து தொடங்குவதும், காற்று ஏறுமுன் விடியலில் முடித்துக்கொள்வதும் நல்லது.

வாங்கும்போது முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டியது துணியை. குழந்தைகள் நீச்சல் குளத்தில் விளையாடும் படகு, உள்ளே நெசவில்லாத வெறும் வினைல். அதில் கீறல் விழுந்தால் கிழிசல் ஓடிக்கொண்டே போகும். மீன்பிடிக்கு உரியது, பாலியெஸ்டர் நெசவை நடுவில் வைத்து இருபுறமும் பி.வி.சி. ஏற்றிய துணி. ஃப்ளோட் டியூபுகளில் பல, நைலான் உறைக்குள் தனிக் காற்றுப்பை வைத்தவை. அவற்றில் உள்பையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி. எந்த வகையானாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காற்றறைகளாவது இருக்க வேண்டும், ஒன்று போனாலும் மற்றது கரை சேரும்வரை ஆளைத் தாங்க வேண்டும். இது இல்லாத பொருளை விலை எவ்வளவு மலிந்தாலும் வாங்கக் கூடாது. காற்றடைக்கும் படகுகளுக்கென ஐ.எஸ்.ஓ. 6185 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. படகின் மேல் ஒட்டிய தகட்டில் அந்த எண்ணும், ஏற்றத்தக்க எடையும், காற்றழுத்தமும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்கலாம். விளம்பரத்தில் உள்ள எடை அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஏற்றாமலிருப்பது என் பழக்கம். எழுபது கிலோ ஆள், பெட்டி, நங்கூரம், நனைந்த உடை, பிடித்த மீன் எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

காற்றடைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பஞ்சர் கடைதான். பைக் டயருக்கு முப்பது பி.எஸ்.ஐ. அளவில் காற்றடைக்கிறோம்; சிறு படகின் பக்கக் குழாய்க்கு வேண்டியது ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று. கம்ப்ரசரின் ஒரு நொடி அழுத்தம் ஒட்டிய இணைப்பைப் பிரித்துவிடும். படகுடன் வரும் கால் பம்பே போதும், சிறு அழுத்தமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வெயிலும் பம்பு போலவே வேலை செய்யும். அடைபட்ட காற்றின் வெப்பம் இருபது டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. வரை கூடக்கூடும். தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் கரையில் காயும் கறுப்புப் படகுக்கு அந்த ஏற்றம் சில நிமிட வேலை. ஆகவே வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும், கரையில் சற்றுத் தளர்வாக அடைத்து, நீரில் இறக்கிக் குளிர்ந்தபின் குறையை நிரப்புவதும், மதியச் சாப்பாட்டுக்குக் கரையேறினால் நிழலில் போடுவதும் வேண்டும்.

முள்ளுக்கு வருவோம். டெல்டாவின் ஏரிக்கரைகளில் சீமைக் கருவேல முள் இல்லாத இடம் குறைவு. படகைத் தரையில் இழுக்காமல் தூக்கியே செல்ல வேண்டும்; காற்றடைக்கும் இடத்தில் தார்ப்பாய் விரிக்க வேண்டும். படகுக்குள்ளே வரும் முள்ளையும் மறக்கக் கூடாது. கெளுத்தியின் பக்க முள்ளும், தேளி மீனின் கொட்டும் முள்ளும், ஜிலேபியின் முதுகு முள்ளும் கையைக் குத்துவது போலவே குழாயையும் குத்தும். ஃப்ளோட் டியூபில் மீனை மடியில் வைத்துத்தான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டியிருப்பதால், கெளுத்தி மிகுந்த குளத்துக்கு அது இன்னும் பொருந்தாமல் போகிறது. படகானால் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றில் மீனைப் போட்டுவிடலாம். ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப் சொல்யூஷன் பி.வி.சி.யில் நிலைக்காது, அதற்குரிய பசையும் அதே துணித் துண்டும் கூடவே இருக்க வேண்டும். வீட்டில் வைக்கும்போது மீன் வாடை போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, உயரத்தில் தொங்கவிடாவிட்டால் எலி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

முத்துப்பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். பாமணியாறும் கோரையாறும் சேரும் அந்த உப்பங்கழியில் ஓதம் இறங்கும்போது நீர் கடலை நோக்கி இழுக்கும். அலையாத்தி வேர்களும் சிப்பி ஓடுகளும் காற்றுக்குழாயைக் கிழிக்கும். காட்டுப்பகுதிக்குள் செல்ல வனத்துறை அனுமதியும் வேண்டும். கொடுவா மீன் ஆசை உள்ளவர்கள் உள்ளூர் மீனவரின் படகில் கூலி கொடுத்துப் போவதே நல்லது.

எந்த மிதவையில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட்டை இருக்கையின் பின்னால் கட்டி வைக்காமல் உடலில் அணிய வேண்டும். மிதப்பு விசை 50 நியூட்டன் என்று குறிக்கப்பட்டது, நன்றாக நீந்தத் தெரிந்து கரையருகே இருப்பவருக்கு உதவி மட்டுமே. நினைவிழந்தவரின் முகத்தை அது மேலே திருப்பாது. நீச்சல் அறியாதவர் குறைந்தது 100 நியூட்டன் உள்ளதைத் தேட வேண்டும். நீந்தவே தெரியாதவர் ஃப்ளோட் டியூப் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றே பதில் சொல்லிவருகிறேன்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். மேட்டூர் நீர்மட்டத்தையும், கல்லணையிலிருந்து ஒவ்வொரு ஆற்றிலும் திறக்கப்படும் நீரின் அளவையும் சாகுபடிக் காலத்தில் செய்தியாக வெளியிடுகிறீர்கள். விவசாயிகளுக்காக வரும் அந்த விவரத்தை ஆண்டு முழுவதும் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரே இடத்தில் ஒரு சிறு கட்டமாக, முந்தைய நாள் அளவையும் பக்கத்தில் சேர்த்து வெளியிட்டால், தூண்டிலுக்குக் கிளம்புகிறவரும், ஆற்றில் மாடு குளிப்பாட்டுகிறவரும், துணி துவைக்கப் போகிறவரும் காலையிலேயே தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.