வரலாற்றில் ‘ஜி’ வாங்கியவளின் நன்றி மடல்

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் எனக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

செபராங் பிறை பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கூடப் படித்தவர்களைவிட ஒரு வருடம் பிந்தித்தான் வந்திருக்கிறேன். அந்த ஒரு வருடத்துக்கு நேரில் நன்றி சொல்ல வந்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் இந்த மடல்.

மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று பள்ளி மண்டபத்தில் தாளை வாங்கினேன். தமிழ் ஏ, கணிதம் பி பிளஸ், மலாய் சி. விரலை வைத்து வரிசையாக இறங்கி வந்தேன். வரலாற்றில் ஜி. மலாயில் காகால், அதாவது தோல்வி. ஒரு பாடம்தானே என்று தோன்றலாம். ஆனால் 2013 முதல் மலாய் மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ். மற்றப் பாடங்களில் என்ன வாங்கியிருந்தாலும் சரி, கதை அவ்வளவுதான். தோழிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு படங்களில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்த பிறகு எடுத்தவை அவை.

அம்மா பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். கம்பெனி பஸ் பாலம் தாண்டி வந்து சேர அன்று எட்டரை ஆகிவிட்டது. மூக்குக்கண்ணாடியை மாட்டித் தாளைப் பார்த்தவர், “கணக்குல பி பிளஸா? சொல்லவே இல்ல” என்றார். வரலாற்றைப் பற்றி அன்று ஒரு பேச்சு இல்லை. நன்றிம்மா.

மறுநாளிலிருந்து சொந்தக்காரர்களின் ஃபோன். “பரவால்ல, எல்லாம் நல்லதுக்குத்தான்.” நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் எழுந்து நான் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் ஒரு தனியார் கல்லூரியின் ஆள் மட்டும்தான். சான்றிதழ் தேவையில்லை, இன்றைக்கே 1,500 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் இடம் உறுதி என்றார். அப்பாவின் கண் அம்மாவின் வளையலுக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன். நல்ல வேளை, எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். “கொஞ்சம் பொறுங்க அங்கிள், அரசாங்கத்தோட எம்.க்யூ.ஏ. அங்கீகாரப் பட்டியல்ல இந்த கோர்ஸ் இருக்கான்னு பாத்திடுவோம்” என்று கைப்பேசியில் தேடினார். இல்லை. அக்கா, வளையல் இன்னும் அம்மா கையில்தான் இருக்கிறது.

கவுன்சலிங் டீச்சர் ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் மறுதேர்வு. இன்னொரு பக்கம் திறன் பயிற்சி: முதல் மூன்று நிலைகள் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. அந்த வழியிலும் மின்னியல் படிக்கலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டு விசிறிக்கு கெப்பாசிட்டர் மாற்றியவள் நான், எந்த வழி என்றாலும் எனக்குப் பிடித்திருக்கும். மறுதேர்வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், உண்மையைச் சொன்னால், ரோஷம்.

அப்புறம் சார். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், அப்பாவுக்குத் தெரிந்தவர். படகுத்துறைப் பக்கம் ஒரு மாமாக் கடைதான், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைதான் வகுப்பறை. ஒரு நாள் ஐந்து காலி தே தாரே டீ கிளாஸ்களை வரிசையாக வைத்தார். “இது மலாயாவுக்கு அரசியலமைப்பு வரைஞ்ச ரீட் ஆணையம். ரெண்டு கிளாஸ் பிரிட்டன்: ரீட் பிரபு, ஐவர் ஜென்னிங்ஸ். அடுத்து ஆஸ்திரேலியாவின் மெக்கெல், இந்தியாவின் மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீட். மொத்தம் ஐவர், அதில் ஒருத்தர் பேரே ஐவர். மறப்பியா?” இன்றுவரை மறக்கவில்லை. கிளாஸ்களை எடுக்க வந்த கடை அண்ணன் அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டார். அவருக்கும் நன்றி.

நான் எங்கே கோட்டை விட்டேன் என்று கண்டுபிடித்தவரும் சார்தான். ஆண்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், ‘ஏன்’ என்று கேட்டால் பேனா நின்றுவிடும். அதற்காகவே சில சனிக்கிழமைகளில் படகில் கூட்டிப் போவார். “1946-ல பிரிட்டிஷ்காரங்க அமைச்ச மலாயன் யூனியன்ல பினாங்கும் மலாக்காவும் சேந்துச்சு. சிங்கப்பூர் மட்டும் ஏன் வெளிய நின்னுச்சு? அக்கரை சேர்றதுக்குள்ள மூணு காரணம் சொல்லு.” முதல் தடவை ஒன்றுகூட வரவில்லை. ஜார்ஜ் டவுனில் இறங்காமல் அதே படகில் திரும்பலாம் என்று நினைத்தேன். சார் விடவில்லை, காரணங்களைச் சொல்ல வைத்துத்தான் பசியாற வைத்தார். ஒரு காசு வாங்கியதில்லை. ரொட்டி சானாய்க்கும் அவர்தான் கொடுப்பார்.

மறுதேர்வு அன்று கொட்டும் மழை. அப்பா தன் மழைக்கோட்டை எனக்குப் போட்டுவிட்டு மோட்டாரில் நனைந்துகொண்டே வந்தார்.

வரலாற்றில் சி. முடிவைப் படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். “சி-யா? ஐவர்ல யாரை விட்ட?” என்று பதில் வந்தது.

சார், வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பு சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்து மணிக்குக் கடையில் இருப்பேன். ரொட்டிக் காசு இந்தத் தடவை என்னுடையது.

அன்புடன்,
உங்கள் மாணவி