அரிசிக்குக் குடும்பம், குழந்தைக்கு இல்லையா?

ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தில் தத்தெடுப்பு விதிகளை வகுக்கிறவர்களுக்கு,

வணக்கம். விதியை நான் விளக்க வேண்டியதில்லை, எழுதியவர்களே நீங்கள்தான். தம்பதியாகத் தத்தெடுக்க இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்கிறது 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் 5(3)-ஆவது விதி. நானும் என் இணையான அவளும் ஒரே வீட்டில் 11 வருடமாக இருக்கிறோம். பெண்ணும் பெண்ணும் மணக்கச் சட்டமில்லை என்பதால் அந்த இரண்டு ஆண்டு எங்களுக்கு என்றைக்கும் முடியப்போவதில்லை. சரி, தனி ஆளாகக் கேட்கலாம் என்றால், தனியாக விண்ணப்பிப்பவர் யாருடனாவது மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தால் பரிசீலிப்பதில்லை என்று 2022 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது.

அதனால் அவள் பெயரில் மட்டும் போட்டோம், என்னை ஒளித்தோம். வீட்டாய்வுக்கு சமூகப் பணியாளர் வந்த அன்று என் செருப்பு, பிரஷ், தைராய்டு மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோழி வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் நல்ல மனுஷிதான். சமையலறையைப் பார்த்துவிட்டு, "தனி ஆளுக்கு அஞ்சு லிட்டர் குக்கரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அம்மா அடிக்கடி வருவாங்க என்று சொல்லியிருக்கிறாள் இவள். அந்த அம்மா எங்கள் வாசலை மிதித்து ஒன்பது வருடம் ஆகிறது.

குழந்தை வந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வருவார்கள். அந்த நான்கு முறையும் நான் பையைத் தூக்க வேண்டும், பேசத் தெரிந்த குழந்தையென்றால் அதற்கும் பொய் சொல்லிக்கொடுக்க வேண்டும். போன மாதம் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மணமாகாத இணையர் இருவர் பெயரிலும் தத்தெடுக்க விடுங்கள்.

நீதிமன்றம் சொல்லிவிட்டதே என்பீர்கள். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் 5(3)-ஐ மூன்று நீதிபதிகள் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு என்றுதான் விட்டுவைத்தது. திருத்தக் கூடாது என்று உங்கள் கையை யாரும் கட்டவில்லை. 2024-இல் இதே அரசு, எங்களைப் போன்றவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாக வைக்கலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அரிசி பருப்பு வாங்கக் குடும்பம், ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்ட மட்டும் யாரோ எவரோ! என் நண்பன் ஒருவன், அவனும் தன்பாலீர்ப்பாளன்தான், தனி ஆண் என்பதால் பெண் குழந்தையைக் கேட்கவே முடியாது. அதைப் பேசினால் இந்தக் கடிதம் முடியாது.

கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருவர் பெயரையும் ஏற்கும்படி விதியைத் திருத்துங்கள் என்று பணிவோடுதான் கேட்கிறேன். வீட்டாய்வை இன்னும் கடுமையாகவே செய்யுங்கள், இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் பார்த்தால் நல்லது: அவளுக்கு 43 ஆகிறது, உங்கள் வயது வரம்பு அட்டவணைப்படி தனி ஆளுக்கு 45 தாண்டினால் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை கிடையாது.

இப்படிக்கு,
அந்தக் குக்கரில் சமைக்கிறவள்