சார்லி பிரவுனின் கிறிஸ்துமஸ்: மகளுக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான மகள் ஜாய்ஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் சுகம். மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். நான் பேச ஆரம்பித்தால் உன் அலுவலக நேரம் போய்விடும் என்பதால் எழுதுகிறேன். 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' கார்ட்டூன் படத்தைப் போட்டால் குட்டி பாதியிலேயே எழுந்து போய்விடுகிறாள், படம் வரைந்திருப்பதும் சுமார், நடப்பதும் திரும்புவதும் வெட்டி வெட்டிப் போகிறது, கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இதை ஏன் அமெரிக்காவில் இந்த ஊர்க்காரர்கள் வருடம் தவறாமல் போட்டுப் பார்க்கிறார்கள் என்று கேட்டாய். நீ அடுக்கிய குறைகள் அத்தனையும் மெய்தான். அவற்றையெல்லாம் திருத்தியிருந்தால் அந்தப் படம் வெளிவந்த 1965ஆம் வருடத்தோடேயே மறந்துபோயிருக்கும் என்பது என் எண்ணம்.

நீ சொன்னதையேதான் அன்றைக்கு சிபிஎஸ் தொலைக்காட்சியின் அதிகாரிகளும் சொன்னார்கள். 1950 முதல் பத்திரிகைகளில் 'பீனட்ஸ்' சித்திரத் தொடரை வரைந்துவந்த சார்லஸ் ஷூல்ஸ், தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், இயக்குநர் பில் மெலெண்டஸ் ஆகிய மூவரும், கொக்கோ கோலா கம்பெனி கிறிஸ்துமஸுக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்டதன் பேரில், ஆறே மாதத்தில் அதை அவசர அவசரமாக முடித்தார்கள். முடிந்ததைப் பார்த்த அதிகாரிகளுக்கு அதன் மந்தமான ஓட்டமும் பிடிக்கவில்லை, பிள்ளைகள் படத்துக்கு ஜாஸ் இசை போட்டதும் பிடிக்கவில்லை, நடுவிலே வேதவசனம் வருவதும் பிடிக்கவில்லை. எடுத்தவர்களுக்கே, அந்தத் தொடரின் நாயகனான சிறுவன் சார்லி பிரவுனைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம் இருந்ததாம். ஒளிபரப்பும் நாள் நெருங்கிவிட்டதால் வேறு வழியில்லாமல் டிசம்பர் 9 அன்று இரவு போட்டார்கள். அந்நேரம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைத்தான் பார்த்தார்கள். பிறகு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத் தரும் எம்மி விருதும் பீபாடி விருதும் வந்தன. 2000 வரை சிபிஎஸ், அதன்பின் ஏபிசி, 2020 முதல் ஆப்பிள் என்று கை மாறியதே தவிர, ஒரு கிறிஸ்துமஸும் அது இல்லாமல் போகவில்லை.

இத்தனை வருடம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மேடை ஏற்றியவள் என்பதால், எனக்கு அதில் முதலில் பட்டது குரல்கள்தான். பெரியவர்கள் குழந்தைக் குரலில் பேசி நடித்த காலத்தில், இவர்கள் உண்மையான குழந்தைகளைப் பேச வைத்தார்கள். அவர்களில் பலருக்கு நடிப்புப் பழக்கமே கிடையாது. சார்லி பிரவுனின் தங்கை ஸாலிக்குக் குரல் கொடுத்த சிறுமிக்கு அப்போது வாசிக்கத் தெரியாததால், வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்து, அவள் திருப்பிச் சொன்னதைப் பதிவு செய்து, பிறகு கோத்து ஒட்டினார்கள். அதனால்தான் அவள் பேச்சில் நிறுத்தம் விழக்கூடாத இடத்தில் நிறுத்தம் விழுகிறது. நம் பாளையங்கோட்டைப் பிள்ளைகளும் 'மேய்ப்பர்கள் வயல்வெளியில்' என்று ஒரே மூச்சில் ஓடி, 'தங்கி' என்பதற்கு முன்னால் நின்று மூச்சு வாங்கி, கூட்டத்தில் தன் அம்மா எங்கே இருக்கிறாள் என்று தேடிவிட்டுத்தானே மிச்சத்தைச் சொல்வார்கள்? அந்த மூச்சு வாங்கலை ஒரு நடிகையால் செய்து காட்ட முடியாது. அந்தக் காலத்து வழக்கப்படி பின்னணியில் சிரிப்பொலி சேர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஷூல்ஸ் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எங்கே சிரிப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை என்பதால், அறுபது வருடம் கழிந்தும் அந்த மௌனங்கள் பழையதாகவில்லை.

இரண்டாவது, அந்தப் பையனின் வருத்தம். படம் தொடங்கியதும் சார்லி பிரவுன் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு தன் நண்பன் லைனஸிடம், கிறிஸ்துமஸ் வருகிறது, ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லையே என்கிறான். ஏன் வரவில்லை என்பதற்குப் படத்தில் காரணமே கிடையாது. வீட்டில் சாவு இல்லை, வறுமை இல்லை, அப்பா ஊரைவிட்டுப் போகவில்லை. மற்ற பண்டிகைப் படங்களில் துக்கத்துக்கு ஒரு காரணம் வைத்து, கடைசியில் அந்தக் காரணத்தை நீக்கி எல்லாரையும் சிரிக்க வைத்து அனுப்புவார்கள். இதில் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு மனநல ஆலோசனை சொல்லும் சிறுமி லூசி, பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்தை இயக்கப் போ, சரியாகிவிடும் என்கிறாள். போகிறான், முன்னிலும் அதிகமாக அவமானப்பட்டுத் திரும்புகிறான். எல்லாரும் கும்மாளமாக இருக்கும் நாளில் தனக்கு மட்டும் மனம் ஒட்டாமல் இருப்பது எத்தனை பேருக்கு உண்டு என்பது தூரதேசத்தில் இருக்கிற உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைப் பாவம் என்றோ நோய் என்றோ சொல்லாமல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்த பிள்ளைகள் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இசையும் அதற்கு உடந்தை. சான் பிரான்சிஸ்கோக்காரரான வின்ஸ் குவரால்டியின் பியானோ, உறைந்த குளத்தில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு வரும்போது, கொண்டாட்டமாகவும் ஏக்கமாகவும் ஒரே சமயத்தில் ஒலிக்கிறது. அந்த மெட்டுக்கு மெண்டல்சனே ஒரு கடித உறையின்மேல் சில நிமிடங்களில் வரிகள் எழுதினார். பாடியவர்கள் சான் ரஃபேல் ஊரின் ஒரு கோவில் பாடகர் குழுப் பிள்ளைகள். கொஞ்சம் சுருதி விலகித்தான் பாடுகிறார்கள்.

லைனஸின் இடத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று யாருக்காவது தெரியுமா என்று சார்லி பிரவுன் கத்தியதும், அவன் மேடையின் நடுவுக்கு நடந்து வந்து, விளக்கு கேட்டு, லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்திலிருந்து பதினான்கு வரை நிதானமாகச் சொல்கிறான். பின்னணி இசை இல்லை. எந்நேரமும் போர்வையைக் கைவிடாத அந்தப் பிள்ளை, 'பயப்படாதிருங்கள்' என்று தூதன் சொல்லும் இடத்தில் மட்டும் அதை நழுவ விடுகிறான். சொல்லி முடித்ததும் குனிந்து மறுபடி எடுத்துக்கொண்டு போகிறான். எனக்கு அந்த 'மறுபடி எடுத்துக்கொள்வது' மிகவும் பிடிக்கும். ஒரு நொடிதான் பயம் விலகியது, அவ்வளவுதான். இதையே ஒரு பிரசங்கியார் செய்திருந்தால் போர்வையைத் தூக்கி எறியச் சொல்லி அரைமணி நேரம் பேசியிருப்பார். லைனஸ் யாரையும் ஒன்றும் செய்யச் சொல்வதில்லை, அதனால் தேவாலயம் பக்கமே போகாதவர்களும் அந்த இடத்தைச் சகித்துக்கொள்கிறார்கள், சிலர் விரும்பவும் செய்கிறார்கள்.

வியாபாரத்தைப் பழிக்கும் படத்துக்குக் குளிர்பானக் கம்பெனியே பணம் கொடுத்தது என்று மாப்பிள்ளை சிரித்ததாகச் சொன்னாய். நியாயமான சிரிப்புதான். முதல் ஒளிபரப்பில் லைனஸ் பறந்து போய் மோதுவது அந்தக் கம்பெனியின் விளம்பரப் பலகையில்தான். பின்னாளில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் பரவியிருந்த அலுமினிய மரங்களைத் தள்ளிவிட்டு, சார்லி பிரவுன் ஊசியிலை உதிரும் ஒரு குச்சி மரத்தை வாங்கி வருவதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. ஒரே ஒரு சிவப்பு அலங்கார உருண்டையைத் தொங்கவிட்டதும் அது தரையைத் தொட வளைந்துவிடுகிறது. கொன்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவனைக் கேலி செய்தவர்கள் வந்து அலங்கரிக்கிறார்கள், யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. முதலில் ராகத்தை முனகி, பிறகு நாம் பாமாலைப் புத்தகத்திலிருந்து 'கேள் ஜென்மித்த ராயர்க்கே' என்று பாடுகிற அதே பாட்டைப் பாடுகிறார்கள். பிள்ளைகள் சமாதானம் ஆவது அப்படித்தான்.

குட்டி எழுந்து போனால் போகட்டும், பிடித்து உட்கார வைக்காதே. ஆறு வயதில் ஸ்னூபி நாயின் ஆட்டம் மட்டும் பார்த்தால் போதும். இந்த விடுமுறையில் முடிந்தால் கலிபோர்னியாவில் உள்ள சான்டா ரோசாவுக்கு அவளை அழைத்துப் போ. ஷூல்ஸ் பெயரில் 2002இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பனி ஊரான மினசோட்டாவில் வளர்ந்த மனிதர் என்பதால், 1969இல் அவர் கட்டிய பனிச்சறுக்கு அரங்கமும் பக்கத்திலேயே இருக்கிறது. படம் பிடிக்காவிட்டாலும் சறுக்குவது அவளுக்குப் பிடிக்கும். காதை மூடும் குல்லாவை மறக்காமல் போட்டுவிடு. போன முறை வந்தபோது நான் பின்னிக் கொடுத்தது இன்னும் பத்தும் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா