மடியில் உட்காராத மருமகனைப் பற்றி, அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் நடந்ததைப் பற்றி நாம் இருவரும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை. ஒரே மும்பையில் நீங்கள் தாராவியில் இருக்கிறீர்கள், நான் செம்பூரில் இருக்கிறேன். குர்லாவில் வண்டி மாறினால் வந்துவிடலாம். ஆனாலும் ஆறு மாதமாக நீங்கள் என் வீட்டுப் படி ஏறவில்லை. விநாயகர் சதுர்த்திக்கு நானே வந்தேன். அன்றைக்கும் மனக்கசப்போடுதான் திரும்பினேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருமகனை மடியில் வைத்துக்கொண்டு ஆசையாக உட்கார்ந்து, அவமானப்பட்டு எழுந்த தாய்மாமன்கள் உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

அன்று நீங்கள் புது வேட்டி கட்டி, தங்கக் கடுக்கன் வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளையை மடியில் வாங்கினீர்கள். தலையில் தண்ணீர் தெளித்ததுமே அவன் அலறத் தொடங்கினான். கத்தி பட்டதும் உடம்பை வில்லாக வளைத்தான், வாந்தி எடுத்தான், உங்கள் கையைக் கடித்தான். பாதி மொட்டையோடு நிறுத்த வேண்டியதாயிற்று. காது குத்துக்கு எடுத்த கடுக்கன் பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போனது. ஊர் திரும்பும் பஸ்ஸில் நீங்கள் சொன்னது ஒரே வாக்கியம்: "எல்லாம் நீ கொடுக்கிற செல்லம்."

அண்ணே, அது செல்லத்தால் வந்ததில்லை.

முதல் வயதிலிருந்தே அவன் எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எங்களுக்குத்தான் கேட்கவில்லை. மிக்ஸி ஓடினால் என் காலைக் கட்டிக்கொண்டு நடுங்குவான். டைமண்ட் கார்டனில் புல்தரையில் இறக்கிவிட்டால் இரண்டு காலையும் மடக்கித் தூக்கிக்கொள்வான். சட்டையின் கழுத்துப் பட்டி உரசினால் சட்டையையே கழற்றி எறிவான். தயிர் சாதத்தில் ஒரு கடுகு நாக்கில் பட்டால் குமட்டுவான். அதே பிள்ளை முறுக்கையும் அப்பளத்தையும் நொறுக்கித் தள்ளுவான். ஆச்சி கால்மேல் போட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கிணற்றில் விழுகிறவனைப் போலக் கத்தினான். நேராக உட்கார வைத்து ஈரத்துணியால் துடைத்தால் சிரிக்கிறான் என்பதை இரண்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

யாரும் நம்பாததற்கும் காரணம் உண்டு. இதே பிள்ளை சோபாவில் இருபது தடவை போய் மோதுவான். முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தாலும் அழாமல் எழுந்து ஓடுவான். இவனுக்கா ஒரு சட்டைப் பட்டி உறுத்தும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

உங்களுக்கு நான் சொன்னால் புரியும் என்று ஏன் நினைக்கிறேன் தெரியுமா? முப்பது வருடமாகத் தோல் பட்டறையில் இருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவீர்கள். என் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் விரல் பழகிப் பழகிக் கற்றுக்கொண்ட கூர்மை அது. உங்கள் மருமகனுக்கு அந்தக் கூர்மை பிறவியிலேயே வந்திருக்கிறது. உடம்பு முழுக்க இருக்கிறது, நிறுத்தி வைக்க அவனுக்குத் தெரியாது.

ஐம்புலன் என்று பள்ளியில் படித்தோம். அவை போக இன்னும் உண்டு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். கை கால் எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்கின்றன. தலை சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று உட்காது சொல்கிறது. பசியையும் தாகத்தையும் மூத்திரம் முட்டுவதையும் உடம்பின் உள்ளிருந்தே ஓர் உணர்வு சொல்கிறது. இத்தனை சேதிகளையும் மூளை வாங்கி அடுக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சில சேதிகள் மிகப் பலமாக வருகின்றன, சில மிக மெலிதாக வருகின்றன. ஒரே பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மெல்லத் தொட்டால் நம் பையனுக்குத் தாங்காது. ஆனால் மோதலும் குதியலும் அவனுக்கு வேண்டும், உடம்பு அதைக் கேட்டு வாங்குகிறது. அமெரிக்காவில் ஜீன் ஏர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர், இதை ஆராய்ந்து 1972இல் விரிவாக எழுதினார். அந்தத் தெரபியைக் கற்பிக்கும் பள்ளி நம் நாட்டில் முதலில் வந்ததே நம் பரேலில், கே.இ.எம். மருத்துவமனையில்தான். 1950இல் கமலா நிம்ப்கர் தொடங்கியது. இந்த ஊரிலேயே வளர்ந்தும் அப்படி ஒரு படிப்பு இருப்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

கோயிலில் என்ன நடந்தது என்று இப்போது எண்ணிப் பாருங்கள். ஈரவிரல்கள். தலையில் கத்தி சுரண்டுவது. பிடரியில் விழும் மயிர்த்துணுக்குகள். குனிந்த தலை. மேளம், கற்பூரப் புகை, ஜரிகை வேட்டி, சுற்றிலும் முகங்கள். நீங்கள் இறுக்கிப் பிடித்தீர்கள், அழுத்தம் அவனுக்குப் பிடிக்குமே என்று கேட்பீர்கள். அவனாக வந்து ஒட்டிக்கொள்வதும் அவனைப் பிடித்து வைப்பதும் அவன் உடம்புக்கு ஒன்றல்ல, அண்ணே. உங்களை வெறுத்து அவன் கடிக்கவில்லை.

ஊரிலிருந்து வந்ததும் முதலில் காதைப் பரிசோதித்தோம், பாந்த்ராவில் அலி யாவர் ஜங் தேசியக் கழகத்தில். கேட்கும் திறன் சரியாக இருந்தது. பிறகு குழந்தை மருத்துவர் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கான இருபது கேள்விகள். அதில் ஒன்றுதான் சாதாரணச் சத்தங்களுக்குக் கலங்குகிறானா என்று கேட்கிறது. மற்றவை பெரும்பாலும் வேறு விஷயங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, நாம் சிரித்தால் சிரிக்கிறானா. இந்தப் புலன் வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இருக்கிறது. ஆனால் அது இருக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் இருக்கும் என்பதில்லை. இதைத் தனி நோயாகப் பெயரிட்டு நிறுத்திவிடாதீர்கள், வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் சொன்னது. நம் பையன் பேசுகிறான், சுட்டுகிறான், கூப்பிட்டால் வருகிறான். மூன்று வயதில் மறுபடியும் பார்க்கலாம் என்றிருக்கிறார் மருத்துவர்.

இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் பிள்ளையும் தலைக்குக் குளிக்க அழும், கீரையைத் துப்பும். நாள் தவறாமல் சாப்பாட்டையோ தூக்கத்தையோ குளியலையோ விளையாட்டையோ அது மறிக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை வயதில் விரலால் சுட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொல் மறைந்துபோனது என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று வீட்டில் யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

சதுர்த்தி அன்று உங்கள் தெருவில் டோல் தாஷா அடித்தபோது அவன் கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டான். ஆண் பிள்ளை பயப்படலாமா என்று நீங்கள் அவன் கையை எடுத்துவிட்டீர்கள். அந்தக் கையை நான் அன்றே தடுத்திருக்க வேண்டும். மதினி முன்னால் உங்களை எதிர்த்துப் பேச நா எழவில்லை. இப்போது சொல்கிறேன்: காதைப் பொத்துவது அவன் தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம். இனி அதை யாரும் எடுத்துவிட நான் விடமாட்டேன்.

வாரம் ஒரு நாள் தெரபிக்குப் போகிறோம். ஊஞ்சல், மெத்தை மேல் குதிப்பது, தலையணையைத் தள்ளிக்கொண்டு போவது. வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுத்தான். மந்திரம் போட்ட மாதிரி எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் மிக்ஸி போடுவதற்கு முன் "சத்தம் வருகிறது" என்று சொல்லிவிட்டால் இப்போது தானே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். முடியை உங்கள் மாப்பிள்ளை வீட்டிலேயே வெட்டுகிறார். முதலில் துண்டால் தலையை அழுத்தித் துடைக்கிறார், கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்துப் பார்க்க விடுகிறார், ஒரு நாளைக்கு இரண்டு வெட்டு. தலை முழுதும் முடிய ஒரு வாரம் ஆகிறது. அழுகை இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். வரும் பங்குனிக்கு மொட்டை வேண்டாம், பூமுடி கொடுக்கலாம். மூன்று வெட்டுத்தானே. சாஸ்தா ஏற்றுக்கொள்வார். கத்தரிக்கோல் உங்கள் கையில் இருக்கட்டும். கூட்டம் வருவதற்கு முன், விடியற்காலையில் போவோம். காது குத்துவதை அவனே கேட்கும்வரை தள்ளி வைப்போம். கடுக்கன் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அதற்கு முன் அவன் உங்களோடு பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மீசையால் முத்தம் வேண்டாம், கன்னத்தைக் கிள்ள வேண்டாம். தரையில் உட்கார்ந்து மதினியோடு பேசிக்கொண்டிருங்கள். அவன் பின்னால் வந்து உங்கள் முதுகில் மோதுவான். மோதினால் திரும்பாதீர்கள், சிரியுங்கள், இன்னொரு தடவை மோத விடுங்கள். மூன்று மணிக்குத் தூங்கி எழுவான், நான்கு மணிக்கு வந்தால் சரியாக இருக்கும். அழைப்பு மணியை அடிக்காமல் வாசலில் நின்று போன் செய்யுங்கள், நான் வந்து கதவைத் திறக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை