முதல் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று புதியவர்கள் சிலர் தயங்குவது தெரிகிறது. தாராளமாகக் கொடுங்கள். பெரியவர்களுக்கான போட்டியான மாஸ்டர்ஸில் 25 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரித்துத்தான் முடிவு அறிவிப்பார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ, அதுதான் கணக்கு.

டைவ் அடிக்கப் பயமா? மேடைமேல் ஏறியே ஆக வேண்டும் என்றில்லை. தண்ணீருக்குள்ளேயே ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி காத்திருந்து, ஒலி கேட்டதும் உதைத்துக் கிளம்பலாம்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் (மார்பு நீச்சலில்) கொஞ்சம் கவனம். ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவிலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். களைத்துப்போன கடைசித் திருப்பத்தில் ஒரு தோள் சாய்ந்து, வலது கை முந்திக்கொண்டு போய்த் தொடும். தகுதி நீக்கம் என்று நடுவர் கையைத் தூக்கிவிடுவார், அத்தனை நீச்சலும் வீண். பயிற்சியில் ஒரு சுற்றுகூட ஒற்றைக் கையால் தொடாதீர்கள். ஃப்ரீஸ்டைலில் இந்தத் தொல்லையே இல்லை. அதனால் முதல் தடவை 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போதும் என்பது என் கருத்து.

அதற்கு 25 மீட்டரை எட்டு தடவை, நடுவே அரை நிமிட ஓய்வோடு நீந்திப் பாருங்கள். எட்டாவதும் முதலாவது எடுத்த நேரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். மூச்சை அடக்காமல் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டே இருங்கள்.

அப்புறம், டைவ் அடிப்பவர்கள் கண்ணாடிப் பட்டையைத் தொப்பிக்கு அடியில் போடுங்கள், கழன்று போகாது. யார் யார் எந்தப் பிரிவு என்று இங்கேயே எழுதிவிடுங்கள்.