கையெழுத்துக்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. உன் புது வீட்டின் கட்டுமானப் பணிகள் முடிந்துவிட்டன என்றும், அடுத்த மாதம் சாவியை ஒப்படைப்பதற்கு முன் ஒருமுறை வந்து பார்த்துக் கையெழுத்திடக் கட்டிய நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள் என்றும் அறிந்து மகிழ்ந்தேன். ஆனால், 'அரை மணி நேரம் போதுமாம்' என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சென்ற ஆண்டு நான் இந்த வீட்டை வாங்கியபோது சோதிப்பதற்கு இரண்டு முழு நாள்கள் தேவைப்பட்டன.

அதற்குக் காரணம் என் பழைய வீடு. அதன் சாவியை வாங்கிய நாளில் நானும் மனைவியும் பால்கனியில் நின்று வெளியே தெரிந்த காட்சியைப் பார்த்தோம், சுவரின் நிறம் நன்றாக இருப்பதாகப் பேசிக்கொண்டோம், நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டோம். எட்டு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, தம் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்திருப்பதைக் காட்டினார். எங்கள் குளியலறைத் தரைக்கு அடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு சரியாகப் போடப்பட்டிருக்கவில்லை. தரையை உடைத்து மறுபடி போட்டு முடிக்கும்வரை நாங்கள் பட்ட பாட்டை உனக்கு அப்போதே எழுதியிருக்கிறேன்.

எனவே உனக்கு நான் முதலில் சொல்வது தண்ணீரைப் பற்றித்தான். குளியலறையின் வடிகால் வாயைத் துணியாலோ அடைப்பானாலோ இறுக அடைத்துவிட்டு, தரையில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கு. நீர் நிற்கும் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் அப்படியே விட்டுவிடு. 48 மணி நேரம் விட முடிந்தால் இன்னும் நல்லது. மறுநாள் மட்டம் சற்றுக் குறைந்திருந்தால் ஆவியானது என்று அவர்கள் சொல்லலாம், அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே கீழ்வீட்டின் கூரையையும், குளியலறையை ஒட்டியுள்ள அறைச் சுவரின் அடிப்பகுதியையும் நேரில் போய்ப் பார்த்த பிறகே முடிவுக்கு வா. இதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதிவிடு, ஏனென்றால் பார்வையிடும் நாளன்று திடீரென்று கேட்டால் குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

தேக்கிய நீரைத் திறந்துவிட்ட பின் உடனே வெளியே வந்துவிடாதே. தரையின் வாட்டம் சரியாக இருந்தால் நீர் முழுவதும் வடிகாலை நோக்கி ஓடிவிடும். மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் அளவுக்குச் சரிவு இருந்தால் பொதுவாகப் போதும். எங்கள் வீட்டில் நீர் வாசற்படி ஓரத்தில் போய்த் தேங்கி நின்றது. கண்ணுக்குத் தட்டையாகவே தெரிந்த தரை அது. பால்கனியிலும் இப்படியே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார். பூட்டியே கிடக்கும் வீட்டின் குளியலறையில் நாற்றம் அடித்தால் உடனே பதற வேண்டியதில்லை. வடிகால் வளைவில் நிற்க வேண்டிய நீர் உலர்ந்துபோனால் கழிவுக்குழாயின் வாயு மேலே வரும். நீர் ஊற்றிச் சில மணி நேரம் கழித்தும் நாற்றம் போகவில்லையென்றால்தான் அது குறை.

அடுத்தது காது. ஒரு நாணயத்தையோ மரக்குச்சியையோ எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக்கொண்டே போ. அடியில் கலவை முழுமையாகப் பரவியிருந்தால் கெட்டியான ஓசை வரும். வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். அத்தகைய டைல்ஸின் மேல் பீரோவின் கால் வந்து உட்கார்ந்தால் ஒருநாள் அது விரிசல் விடும். நான் தட்டித் தட்டி ஒட்டுத்தாள் ஒட்டியதைப் பார்த்து அவர்களுடைய பொறியாளர் முதலில் சிரித்தார். கூடத்தில் மட்டும் பதினொரு ஒட்டுத்தாள்கள் ஆனபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் ஓரத்தில் சிறு பகுதி மட்டும் ஒலிக்கும் டைல்ஸை நான் பெயர்க்கச் சொல்லவில்லை, ஒன்றைப் பெயர்க்கும்போது பக்கத்தில் உள்ளதும் உடையக்கூடும் என்பதால். ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த உபரி டைல்ஸ் சிலவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள். தொகுதி மாறினால் நிறமும் மாறும்.

விரிசல்களைப் பற்றி அஞ்சி எழுதியிருந்தாய். பூச்சில் மயிரிழைபோல் வலைவலையாக ஓடுபவை பெரும்பாலும் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வந்தவை. பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் போதும். தூணும் செங்கற்சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடுவது, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அவை இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. அதைக் கீறி, வலை வைத்துப் பூசச் சொல்லலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் இரு பக்கமும் தெரிகிற, நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுள்ள விரிசலைக் கண்டால் மட்டும், கட்டிய நிறுவனத்தைச் சாராத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் கையெழுத்திடாதே. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

மின்சாரத்தைச் சோதிக்க, மூன்று சிறு விளக்குகள் கொண்ட பிளக் சோதிப்பான் ஒன்று கடைகளில் கிடைக்கும். அதைச் செருகினால் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் கம்பி, இணைக்கப்பட்டிருக்கிறதா, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியும் அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியும் இடம் மாறியிருக்கின்றனவா என்று காட்டிவிடும். மின்கசிவைத் துண்டிக்கும் சாதனத்தில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டி எல்லாம் சரி என்பார்கள். அது அந்தச் சாதனம் துண்டிக்கிறது என்பதை மட்டுமே காட்டும், எர்த் கம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மின்பெட்டியில் உள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து எந்த அறை இருளடைகிறது என்றும் பார். எங்கள் வீட்டில் 'சமையலறை' என்று எழுதியிருந்ததை அணைத்தால் படுக்கையறை விளக்கு அணைந்தது.

கதவு, ஜன்னல்களை எல்லாம் திறந்து மூடிப் பார்ப்பாய், அதை விரித்து எழுதத் தேவையில்லை. ஆனால் சமையல் மேடையும் அலமாரியும் வரும் மூலைகளை அளந்துவிடு: ஒரு சுவரில் 60 சென்டிமீட்டரும் மறு சுவரில் 80 சென்டிமீட்டரும் குறித்தால், இரு குறிகளுக்கும் இடையே சரியாக 100 இருக்க வேண்டும். இல்லையென்றால் மூலைமட்டம் தவறியிருக்கிறது என்று பொருள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஆப்பு வடிவ இடைவெளி விழும்.

வண்ணப்பூச்சின் குறைகளில் நான் அதிகம் நேரம் செலவிடவில்லை. அவற்றை எத்தனை சொன்னாலும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்வார்கள், ஒரு தூரிகையோடு வேலை முடிந்துவிடும் என்பதால். உடைத்துத்தான் சரிசெய்ய முடியும் என்ற குறைகளைப் பட்டியலின் முதல் பக்கத்தில் எழுது. ஒவ்வொன்றுக்கும் அறையின் பெயர், தொலைவிலிருந்து ஒரு படம், அருகிலிருந்து ஒரு படம், சரிசெய்யும் தேதி ஆகியவை இருக்கட்டும். இரண்டு படிகள் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். 'அனைத்தும் திருப்தியாக உள்ளது' என்று அச்சிட்ட தாளை நீட்டினால், 'இணைப்பில் கண்ட குறைகள் நீங்கலாக' என்று உன் கையால் எழுதிய பிறகே கையெழுத்திடு. உன் சங்கோசத்தை நான் அறிவேன். எதிரே நிற்பவர் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்துவிடுவாய்.

அதனால்தான் கேட்கிறேன், பார்வையிடும் நாளை எனக்கு ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் நானும் வந்துவிடுகிறேன். ரசமட்டமும் அளவு நாடாவும் என்னிடம் இருக்கின்றன. வாளியை மட்டும் நீ எடுத்து வா. வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்